கேப்டன் சுதர்த்தோவின் காதல்

1948 ஜனவரியில் டச்சுக்காரருடன் கையெழுத்தான ரென்வில் உடன்படிக்கையின்படி, இந்தோனேசியக் குடியரசின் சிலிவாங்கிப் படைப்பிரிவு மேற்கு ஜாவாவை விட்டு நடு ஜாவாவுக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் டச்சுப் படைகள் குடியரசின் தலைநகரான யோக்யகார்த்தாவைத் தாக்கியதும், அவ்வீரர்கள் பெண்டு பிள்ளைகளோடு மலையும் காடும் கடந்து, கால்நடையாகவே மேற்கு ஜாவாவுக்குத் திரும்பினர். இந்த நெடும்பயணத்தைக் களமாகக் கொண்டு உஸ்மார் இஸ்மாயில் 1950-இல் இயக்கிய 'டாரா டான் டோவா', அதாவது 'குருதியும் வேண்டுதலும்', போர்ப்படம் என்றே பெயர்பெற்றிருப்பினும், அதன் உயிர்நிலை ஒரு மனிதனின் தடுமாறும் நெஞ்சிலேயே இருக்கிறது.

பயணத்தை வழிநடத்தும் கேப்டன் சுதர்த்தோ மணமானவன். முதலில் கோனி என்னும் ஜெர்மானிய வழிவந்த பெண்ணிடமும், பின்னர்ப் படையுடன் வரும் செவிலி விதியாவிடமும் அவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். பசியோடும் காயங்களோடும் நடக்கிறவர்கள் தலைவனிடம் உறுதியை எதிர்பார்க்கையில் அவன் காதல்வயப்பட்டு நிற்பது வீரர்களிடையே முணுமுணுப்பாகிறது. போர் ஓய்ந்த பின்னரும் அவனது நடத்தை விசாரணைக்கு உள்ளாகிறது. நேயர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும்: டச்சுக்காரர் ஆட்சியுரிமையை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27-இல்; படப்பிடிப்புத் தொடங்கியதோ அதற்கு மூன்றே மாதங்களில். வெற்றியின் பூரிப்பில் மாசற்ற வீரனையே காண விரும்பிய மக்கள்முன், அச்சமும் ஆசையும் உடைய ஒருவனை நாயகனாக நிறுத்துவதற்குப் பெருந்துணிவு வேண்டியிருந்தது. படைத்துறையினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. எனினும் உஸ்மார் வெளியிலிருந்து பழித்தவர் அல்லர். அவரே குடியரசுப் படையில் பணியாற்றியவர். சுதர்த்தோவை அவர் குற்றவாளியாகவும் காட்டவில்லை, புனிதனாகவும் உயர்த்தவில்லை. கடமை அழைக்கும் நேரத்திலும் மனிதன் மனிதனாகவே இருக்கிறான் என்பதை மட்டும் பொறுமையோடு காட்டியிருக்கிறார். படத்தின் தலையாய சிறப்பு இதுவே.

சித்தோர் சித்துமோராங் என்னும் கவிஞரின் கதையைத் தழுவிய இப்படத்தில் சுதர்த்தோவாக நடித்த டெல் ஜுசார் உள்ளிட்ட பலர் திரைக்குப் புதியவர்கள் என்பதும், 1948-இல் மடியூன் நகரில் எழுந்த பொதுவுடைமையர் கிளர்ச்சியின் பகை இறுதியில் சுதர்த்தோவின் உயிரையே கொள்கிறது என்பதும் நேரம் கருதிச் சுருங்கச் சொல்லத்தக்கவை.

உஸ்மார் நிறுவிய பெர்ஃபினி நிறுவனம் இதன் முதற்காட்சியைப் படமாக்கிய மார்ச் 30 ஆம் நாளையே இந்தோனேசியா தேசியத் திரைப்பட நாளாகக் கொண்டாடுகிறது. வாய்ப்புள்ள நேயர்கள் இப்படத்தை ஒருமுறையேனும் கண்டு, சுதர்த்தோவின் பக்கம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.