கள்ளுக்கடையும் மதுவிலக்கும்: வரலாறு நமக்குச் சொல்வது
(அறநிதி ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடியை அரசாங்கம் அடியோடு தடை செய்தால் நம் மக்கள் உருப்படுவார்கள்" என்று நம்மிடையே பலர் சொல்வதுண்டு. தடை செய்து பார்த்த நாடுகளின் கதையை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் கித்தா மரங்களைப் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கப்பலேறி வந்த நம் முன்னோர் லயங்களில் குடியேறினர். லயம் இருந்த இடத்தில் கள்ளுக்கடையும் வந்தது. கடை இல்லாவிட்டால் தொழிலாளர் திருட்டுச் சம்சுவைத் தேடிப் போவார்கள் என்பது தோட்ட நிர்வாகங்களின் வாதம். கள் விற்ற இலாபத்தைத் தொழிலாளர் நலநிதியில் சேர்த்ததும் உண்டு. தொழிலாளியின் கூலியை ஒரு கையால் வாங்கி, அதில் ஒரு பங்கை மறு கையால் தருமமாகத் திருப்பிக் கொடுத்த கணக்கு அது!

இதை நம்மவர் வாய்மூடிப் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும், பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டவர்கள், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கவும் கேட்டார்கள். மானமும் கள்ளும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. போருக்குப் பின் 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். பீடோங்கில் போலீஸ் நடவடிக்கையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அந்த இயக்கமும் ஒடுக்கப்பட்டது.

தாயகத்தில் நடந்தது என்ன? 1937 அக்டோபர் 1-ஆம் நாள் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருமானத்தை ஈடு செய்யவே 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் நீங்கியது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்தி வருகிறது. அமெரிக்காவிலும் 1920-இல் வந்த நாடு தழுவிய தடை 1933-இல் முடிவுக்கு வந்தது.

ஏன் இப்படி? கடையை மூடினால் கடைதான் மூடும், தாகம் மூடாது. தாகம் இருக்கும் இடத்தில் காய்ச்சுகிறவன் வருவான், கடத்துகிறவன் வருவான், அவர்களிடம் கை நீட்டும் காவலரும் வருவர். வருமானத்தை இழந்த அரசாங்கமும் நாளடைவில் மனம் மாறும். அதற்காக மதுவிலக்கு முற்றிலும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கடை கண்ணில் படாததால் கூலிப்பணம் வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் இருந்திருக்கும். ஆனால் மலிவான நச்சுச் சரக்கின் ஆபத்து, தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழையைத்தான் தேடி வருகிறது. 2018-இல் சிலாங்கூரிலும், 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சரக்கு எத்தனை வீடுகளை இருட்டாக்கியது!

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயத்து மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். நம் நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21. சட்டம் இருக்கிறது, ஆனால் 21 வயதுக்கு முன்பே பிள்ளையின் மனத்தில் வேலி போடுவது யார்?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். அவர் கடைக்காரனைப் பார்த்துப் பேசவில்லை, குடிக்கிறவனைப் பார்த்துப் பேசினார். அந்த வழியில் நாம் செய்யக்கூடியவை மூன்று. குடியை விட நினைப்பவரை ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்துவதே உடலுக்கு ஆபத்தாகலாம். குடிகாரன் பிள்ளை என்று ஒதுக்காமல் அந்தப் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கும் மாலை வகுப்புக்கும் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். திருமணத்திலும், திருவிழா முடிந்த இரவிலும் மது விருந்து இல்லை என்று குடும்பத் தலைவர்கள் உறுதி கொள்ளுங்கள்.

அன்று கள் விற்ற காசிலிருந்து நம் மக்களுக்கு நலநிதி வந்தது. இன்று நீங்கள் மனமுவந்து தரும் காசிலிருந்து வருகிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு நம் முன்னோர் கொடுத்த விலை பெரிது. அதை வீணாக்காமல் காப்போம்.