செவிவழி வந்த செல்வம்



பெற்றோர் தம் மக்களுக்கு வைத்துச் செல்லும் பொருள் பலவகைப்படும். நன்செய், புன்செய், மனை, அணிகலன் என்று உலகத்தார் அவற்றை எண்ணுவர். அவை யாவும் பங்கிடுந்தோறும் குறைவன. மூத்தவன் கொண்டது இளையவனுக்கு இல்லை. ஆனால் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாததும், பகிரப் பகிர வளர்வதும் ஆகிய செல்வம் ஒன்று உண்டு. தாய் விரும்பிய பண்ணை மகளும் விரும்புதல், தந்தை தலையசைத்துக் கேட்ட இசையை மைந்தனும் கேட்டு உருகுதல் என்னும் இசைச்சுவையே அச்செல்வம். அது செவிவழியே வருவது. அது எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது, எவ்வாறு இடையில் அறுபடுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மக்கட்பேற்றைச் சிறப்பித்த வள்ளுவப் பெருந்தகையார் குழலையும் யாழையும் குழந்தையின் மழலையோடு சீர்தூக்கிப் பார்த்தார். பெற்றோர் குழந்தையிடத்து இசை கேட்கின்றனர் என்பது அதனால் விளங்கும். குழந்தை பெற்றோரிடத்து இசை கேட்கின்றதா என்பது அடுத்து எழும் வினா. தொட்டிலில் கிடக்கும் மகவுக்குப் பொருள் விளங்காது, சொல் விளங்காது, ஆனால் தாலாட்டும் தாயின் குரல் ஏறுவதும் இறங்குவதும் விளங்கும். இலக்கணம் கற்பதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே இசைக்கல்வி தொடங்கிவிடுகிறது. அதற்கு முதலாசிரியர் தாயே ஆவர்.

சேக்கிழார் பெருமான் காட்டும் சீகாழி இல்லத்தை நினைவு கூர்க. மூன்று வயதிலேயே பாடத் தொடங்கிய திருஞானசம்பந்தருக்குத் திருக்கோலக்காவில் பொற்றாளம் கிடைத்தது. திருவருளால் வந்த இசை அது, தந்தையார் கற்பித்ததன்று. எனினும் தந்தையார் சிவபாதவிருதயர் செய்ததும் சிறிதன்று. அவர் மகனைத் தோளிற் சுமந்து தலந்தோறும் நடந்தார். முத்துச்சிவிகை அருளப்பெறும் வரையில் அத்தந்தையின் தோளே சிவிகையாக இருந்தது. மக்களிடத்து இசை தோன்றினால் அதனைச் சுமந்து செல்லும் கடமை பெற்றோர்க்கு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

பிள்ளையாரோடு உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும் இசையில் வல்லவர். கணவர் யாழிசைக்க மனைவியார் பாடிய குடும்பம் அது. அக்குடும்பத்தின் இசை பின்னொரு காலத்தில் செய்த பேருதவியைத் திருமுறைகண்ட புராணம் கூறும். தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து எஞ்சிய பதிகங்களை நம்பியாண்டார் நம்பிகள் வெளிப்படுத்தினார். பாடல் கிடைத்தது, ஆனால் பண் கிடைக்கவில்லை. ஏட்டில் எழுத்து நிற்கும், இசை நில்லாதன்றோ? அந்நிலையில் திருஎருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்தியே பண்களை வகுத்து உரைத்தாள் என்பது அப்புராணச் செய்தி. ஏடு காக்கத் தவறியதை ஒரு மகளின் செவியும் நாவும் காத்தன. எத்தனை தலைமுறைத் தாய்மார் எத்தனை மகளிர்க்குப் பாடிக் காட்டியிருந்தால் அது கைகூடியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுள் ஒருத்தி பாடாது ஒழிந்திருப்பினும் அச்சங்கிலி அற்றுப்போயிருக்கும்.

இனி, பிறப்பு ஒன்றே இசையைத் தந்துவிடுமோ எனின், தந்துவிடாது என்பதற்குக் கல்லிற் பொறித்த சான்று உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழர் அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக 50 பேரை நியமித்தார். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்குமாறு ஆணையிட்டார். அவருள் ஒருவர் இறந்தாலோ, வேறிடம் சென்றாலோ, அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தாம் பாடும் தகுதியிலர் ஆயின், தகுதியுடைய வேறொருவரைத் தேடிப் பாடுவித்தல் வேண்டும். இவ்வாறு அக்கல்வெட்டு விதிக்கின்றது.

இவ்விதியின் நுட்பம் உணரத்தக்கது. தந்தையின் பணி மைந்தனுக்குச் செல்லும் என்று மன்னர் முதலில் நம்பினார். பாடும் வீட்டிற் பிறந்த பிள்ளை பாடக் கேட்டு வளர்ந்திருப்பான் என்பதே அந்நம்பிக்கை. ஆயினும், கேட்டு வளர்ந்தும் கற்றுக்கொள்ளாத பிள்ளையும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். நெல் உரிமையால் வரும். இசை உரிமையால் வாராது. சந்நிதியில் பாட்டு நின்றுவிடக் கூடாது என்பதே அவர் கருத்து. ஏறத்தாழ 1000 ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட அவ்விதி, இன்றைக்கும் திருப்பணிச் செல்வர்கள் தம் அறக்கட்டளைகளில் கருதத்தக்கதாகவே உள்ளது.

பெற்றோர் இசையை மக்கட்குத் தருதற்குத் திருவாரூர் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வூரில் வாழ்ந்த இராமசுவாமி தீட்சிதர் இசைப் புலவர். 108 இராகதாளங்கள் அமைந்த நெடிய இராகமாலிகை ஒன்றை இயற்றியவர். தியாகராசப் பெருமான் திருக்கோயிலில் எவ்வேளைக்கு எவ்வாறு நாகசுரம் முழங்கவேண்டும் என்று முறை வகுத்தவர் எனப் போற்றப்படுபவர். அவர்தம் மைந்தர் முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் மூவர். வீட்டில் தந்தையின் பாட்டு. வெளியே வந்தால் திருக்கோயிலில் நாகசுரம். அவ்விளைஞர்கள் இசையைத் தேடிப் போகவேண்டியதில்லை. இசை அவர்களைச் சூழ்ந்து நின்றது.

பின்னர் அக்குடும்பம் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னையை அடுத்த மணலியிற் சென்று தங்கிற்று. அங்கே இருந்த காலத்தில் ஐரோப்பியரின் வாத்திய இசை அவ்விளைஞர் செவியிற் பட்டது. பழமையில் ஊறிய தந்தையார் அதனைத் தீண்டத்தகாதது என்று தடுத்திருக்கலாம், அவர் தடுத்தாரல்லர். அதன் பயன் யாது? பாலுசுவாமி தீட்சிதர் பிடில் பயின்றார். மேனாட்டுக் கருவியொன்று தென்னாட்டு இசைக்கு உரியதாயிற்று. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளில் வடமொழிச் சாகித்தியங்களை அமைத்தார். இருந்தும் அவர்தம் கிருதிகள் பழைய இராக நெறியினின்று சிறிதும் வழுவவில்லை. வேர் ஆழ்ந்த மரம் வெளிக்காற்றுக்கு அஞ்சுவதில்லை. வீட்டில் இசைக்கு வேர் உண்டாக்கிய பெற்றோர், பிள்ளைகள் வெளியே எதைக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டுவதில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் இறைவனடி சேர்ந்தார். பாலுசுவாமி தீட்சிதர் அவ்வூர் அரண்மனையில் வித்துவானாக விளங்கினார். அவர்க்கு ஆண்மக்கள் இல்லை. ஆதலின் தம் மகள் வயிற்றுப் பேரரான சுப்பராமரைத் தத்துமகனாகக் கொண்டு இசை பயிற்றினார். அச்சுப்பராம தீட்சிதரே முதுமையில், சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவ அறிஞரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும், 1904-ஆம் ஆண்டில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டவர். பாட்டனார் தலைமுறையில் திருவாரூரில் தொடங்கிய இசை அந்நூலில் சுரக்குறிப்போடு நிலைபெற்றது. மகள்வழியும் மகவுக்கு வழியே என்று அக்குடும்பம் கொண்டிராவிடின், இன்று மேடைகளில் ஒலிக்கும் தீட்சிதர் கிருதிகள் பலவற்றின் செம்மையான வடிவம் கிடைத்தற்கு அரிதாகியிருக்கும்.

‘எங்கள் வீட்டில் பாடுவார் எவருமிலர், பிள்ளைக்கு எதை ஊட்டுவது?’ என்று வருந்தும் பெற்றோரும் உண்டு. அவர்கள் சியாமா சாஸ்திரிகள் வரலாற்றை அறிந்து ஆறுதல் கொள்ளலாம். தஞ்சைப் பங்காரு காமாட்சி கோயில் அர்ச்சகர் குடியிற் பிறந்த அவர் இசைக்குடும்பத்தின் வழி வந்தவரல்லர். அக்குடியில் இசை அவரிடத்தே முளைத்தது. தம் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகள் இசையில் விருப்பங் கொண்டபோது, ‘என் பாட்டே போதும்’ என்று அவர் இருந்தாரில்லை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரிடமும் பயிலுமாறு மகனை விடுத்தார். மகன் தன்னைப்போல் ஆகவேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. மகன் இசையில் நிறைய வேண்டும் என்பது இசையின்மேல் அன்பு. இவ்விரண்டும் வேறு வேறு.

தாய்வழியாக இசை வந்தமைக்கு வீணை தனம்மாள் குடும்பம் சான்று. 1938-ஆம் ஆண்டு வரை சென்னையில் வாழ்ந்த அவ்வம்மையாரின் பாட்டியாரும் தாயாரும் இசை வல்லவர்கள். அவர்தம் மகள் ஜயம்மாள் பாட, ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி ஆடினார். மற்றொரு மகளின் மக்களான பிருந்தா, முக்தா இருவரும் பாட்டியாரின் இசை நெறியைக் காத்தனர். வீட்டில் அத்துணைச் செல்வம் இருந்தும் பிருந்தா காஞ்சிபுரம் நயினாப்பிள்ளையிடமும் அனுப்பப்பெற்றார். பின்னாளில் பாலசரஸ்வதி 1973-ஆம் ஆண்டிலும் பிருந்தா 1976-ஆம் ஆண்டிலும் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பைப் பெற்றனர். மகள் ஆடும் அரங்கில் தாயே பாடுதல் என்பது எத்துணைப் பெரும் காட்சி!

இசையில் வல்ல தந்தைக்குப் பிறந்தும் மகன் வேறு வழி செல்வதுண்டு. அதற்கும் ஓர் உயர்ந்த வரலாறு இருக்கின்றது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர், உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயண கதாகாலட்சேபம் செய்து குடும்பம் நடத்தியவர். தம் மகன் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. மகனது உள்ளமோ தமிழில் சென்றது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தந்தையார் ஏற்பாடு செய்தார். ஆனால் தமிழாசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கு அதில் விருப்பமில்லை என அறிந்ததும் மகன் அப்பயிற்சியை விட்டார்.

தந்தையார் மனம் அதனால் நொந்திராமலிராது. ஆயினும் அவர் மகனை வெறுத்தாரல்லர். இசை கற்பிக்க விரும்பிய அதே தந்தையே, மகனுக்குத் தமிழாசிரியரைத் தேடி வறுமையிலும் ஊர் ஊராக நடந்தவர். இனி அவர் தந்த இசை வீணாயிற்றோ எனின், இல்லை. திருவாவடுதுறையில் இசைச்சுவை மிக்க சுப்பிரமணிய தேசிகரின் முன்னிலையில் பாடல்களை இசையோடு படிக்க அப்பயிற்சி உதவிற்று. பண்ணும், இசை வகுத்தோர் பெயரும் குறிக்கப்பெற்ற பரிபாடலை 1918-ஆம் ஆண்டில் அவரே பதிப்பித்தார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைப்பெரியார் மூவரின் வரலாற்றையும் அவர் எழுதிவைத்தார். தந்தை விதைத்த விதை தந்தை எண்ணிய பாத்தியில் முளைக்கவில்லை. வேறொரு பாத்தியில் முளைத்தது. ஆதலின், பிள்ளை மேடையில் அமர்ந்து பாடினாலன்றித் தாம் தந்தது பயன்படவில்லை என்று பெற்றோர் கலங்குதல் வேண்டா.

சிவநேயச் செல்வர்களே! இவ்வரலாறுகளால் துணியப்படும் உண்மைகள் சில. இசைச்சுவை குருதியில் ஓடுவதன்று, கேள்வியில் ஊறுவது. கட்டளையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. ‘பாடு, பாடு’ என்று பிள்ளையை அடித்து அமர்த்தும் தந்தை இசையைத் தருவதில்லை. இசையின்மேல் வெறுப்பைத் தருகிறார். விருந்தினர் முன்னே பாடச்செய்து, குரல் பிசகியபோது நகைக்கும் உறவினரும் அத்தகையரே. விளக்கேற்றும் வேளையில் தாய் தனக்குத் தெரிந்த ஒரு பதிகத்தைத் தன் குரலில் பாடட்டும். குரல் இனிதாக இல்லையே என்று நாணுதல் வேண்டா. பிள்ளை கேட்பது குரலை அன்று. தாய் அப்பாட்டில் கொண்ட அன்பையே கேட்கிறது.

முற்காலத்தில் ஒரு வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. தந்தை கேட்டதையே பிள்ளையும் கேட்டது. விரும்பியோ விரும்பாமலோ செவியில் விழுந்தது. இக்காலத்தில் கைபேசியில் உலகத்து இசை அனைத்தும் அடங்கிக் கிடக்கிறது. ஆயின் ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்திருந்தும், நால்வர் செவியிலும் நான்கு தனிக்கருவிகள். ஒருவர் கேட்பது மற்றவர்க்குத் தெரியாது. இசைக்குக் குறைவில்லை, உடனிருந்து கேட்டலுக்கே குறைவு. மரபு அறுவது இவ்விடத்திலேதான். அறுவது ஓசையின்றி நிகழ்வதால் எவரும் அறிவதில்லை. நாளுக்கு ஒரு நாழிகையேனும் கருவியை ஒருவர் செவியினின்று நீக்கிக் குடும்பம் முழுவதும் கேட்குமாறு வைத்தல் எவர்க்கும் அரிதன்று. பிள்ளை விரும்பும் பாட்டையும் பெற்றோர் பொறுமையோடு கேட்டல் வேண்டும். தன் சுவை மதிக்கப்பெற்ற பிள்ளையே பெற்றோர் சுவையை மதிக்கும்.

ஓதுவாமூர்த்திகள் பதிகம் விண்ணப்பிக்கும் வேளையில் குழந்தைகளைத் திருக்கோயிலுக்கு அழைத்து வருதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு பெண்மணி ஒருவரைத் திருக்கோயில் ஓதுவாராக நியமித்தது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் வரலாற்றை அறிந்தோர்க்கு அது புதுமையன்று. பெண்மக்களையும் அருகே நிறுத்திக் கேட்கச் செய்க. கோபுரத்துக்குப் பொன் ஈந்த புண்ணியர்கள், பதிகம் பயிலும் பிள்ளைகளுக்கும் முக்குறுணி நெல்லளவேனும் ஈய நினைத்தல் நன்று. கல்லாற் கட்டிய கோயில் பழுதுற்றால் மீண்டும் திருப்பணி செய்து குடமுழுக்காட்டலாம். ஒரு தலைமுறை பாடாது விட்ட பண்ணுக்கு அவ்வாறு குடமுழுக்கு இல்லை. அதனை மீட்க ஒவ்வோர் ஊரிலும் ஒரு யாழ்ப்பாணர் மகள் கிடைக்கமாட்டாள்.

இன்று இல்லந்தோறும் தொட்டிலருகே ஒரு தாய் பாடட்டும். திருக்கூட்டம் வாழ்க! திருமுறை இசை ஓங்குக! எங்கும் இன்பம் பெருகுக!

திருச்சிற்றம்பலம்.