பெட்டிக்குள் இருக்கும் எண்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்தகைய கப்பல்களின் மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், அடிப்பலகையைப் புழு அரித்திருக்கக்கூடும் என்பது கப்பலோட்டிகளுக்குத் தெரியும். இன்று அவ்வூரவரின் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவாறே, ஊரிலே தனித்திருக்கும் பெற்றாரின் முற்றத்தைக் கைத்தொலைபேசியிற் பார்க்கின்றனர். அதற்குத் துணைசெய்யும் கமராவுக்கும், காட்சியைப் பதிந்து அனுப்பும் பதிவுப்பெட்டிக்கும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பலகை ஒன்றுண்டு. கருவிக்குள்ளே பொதிந்திருந்து அதனை இயக்கும் அந்நிரலை நிலைபொருள் என்பர்.

படம் தெளிவாக வருகிறது. ஆதலின் கருவியிற் குறையில்லை என்று எண்ணுவோர் பலர். 2016 ஒக்ரோபர் 21ஆம் நாள், மிராய் என்னும் தீய நிரல் உலகெங்குமுள்ள கமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் தன்வயமாக்கி, டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கிற்று. ருவிற்றர் முதலிய தளங்கள் அன்று பலருக்கு எட்டாதொழிந்தன. அகப்பட்ட கருவிகள் பலவற்றின் பாகங்களைச் செய்த சீனாவின் சியோங்மாய் நிறுவனம், குறையை 2015 செப்ரெம்பரிலேயே திருத்திவிட்டதாகவும், பழைய நிரலைக் கொண்ட கருவிகளே ஆபத்துக்குள்ளானவை என்றும் கூறிற்று. திருத்தம் வந்த செய்தி கடையில் வாங்கியவனின் காதுக்கு எட்டுவது எங்ஙனம்? அவனை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. ஆயினும் தன் கருவியிலுள்ள எண்ணைப் பார்ப்பது அவன் கையில் இருக்கிறது.

அதே வீட்டு வலையமைப்பிலுள்ள கணினியின் உலாவியில் கருவியின் முகவரியை இட்டு உள்நுழைந்தால், அமைப்புத் தகவற் பக்கத்தில் மாதிரிப் பெயரும் தொடரெண்ணும் நிலைபொருளின் பதிப்பெண்ணும் காணப்படும். கைத்தொலைபேசிச் செயலி தானே புதுப்பிக்கப்படுவதைக் கண்டு கமராவும் புதுப்பிக்கப்பட்டது என்று மயங்கலாகாது, இரண்டும் வேறு. கமராவுக்கு ஓரெண், பதிவுப்பெட்டிக்கு இன்னோரெண். பின்புறத்து ஒட்டுத்தாளும் இன்றைய நிலையைக் காட்டுமென்பதற்கு உறுதியில்லை.

சில எண்கள் திகதியையே சொல்லும். ஹிக்விஷன் கருவிகளில் 'பில்ட் 210625' என்றிருந்தால் அது 2021 யூன் 25ஐக் குறிக்கும். கடவுச்சொல் இன்றியே பிறர் கருவியைக் கைப்பற்றத்தக்க பெருங்குறையொன்றை அந்நிறுவனம் 2021 செப்ரெம்பரில் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மாதிரிகளில், அத்திகதிக்கு முற்பட்ட நிரல் உள்ளவை உடனே மாற்றப்படவேண்டியவை.

மாற்றும்போது அவசரம் கூடாது. அதே மாதிரிக்குரிய கோப்பை உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே பெறல்வேண்டும். இருக்கும் அமைப்புகளை முதலிற் சேமித்துக்கொள்ளல் நன்று. நிரல் எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றால் கருவியே பயனற்றுப் போகக்கூடும். மின்தடை கண்ட ஊரவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருத்தமே வெளிவராத பழங்கருவியாயின், அதனை இணையத்திலிருந்து பிரித்து வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு முற்றம் தெரியாமற் போகும் என்பது உண்மையே. புதியதொன்று வாங்கும்வரை அவர்கள் பழையபடி தொலைபேசியில் அம்மாவின் குரலைக் கேட்கட்டும்.