ஏற்றம்

ஆல்ப்சு மலையில் 2067 மீட்டர் உயரமுள்ள குருவா தெ ஃபேர் கணவாயை நோக்கி மிதிவண்டி வீரர் ஏறுங்கால், கிராண்ட் மேசான் அணையின் ஏரி வழித்துணையாகின்றது. தமிழகத்திலும் அத்தகைய வழிகள் உள. 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலை கடுஞ்சோதனை. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உதகைக்குத் தெற்கே எமரால்டு, அவலாஞ்சி அணைகள் குந்தா மின்திட்டத்திற்கு நீர் தேக்குகின்றன.

திருவரங்கத்திற்கும் இவ்வேற்றத்திற்கும் உறவென்ன? மலையின் வடசரிவு நீர் மோயாற்றிலும், குந்தா நீர் பவானியிலும் சேரும். இரண்டும் பவானிசாகரில் கூடும். பாசனத்திற்குப் போக எஞ்சியது மேட்டூருக்குக் கீழே காவிரியில் கலந்து, முக்கொம்பில் பிரிந்து, அரங்கத்தை இரு கையாலும் அணைக்கும்.

கவிஞர் காவிரியை வந்து சேர்ந்த நீராகவே பாடிப் பழகினர். 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. ஆற்றைக் காப்பது ஓயாத உழைப்பென்பது அன்று ஊருக்கே விளங்கிற்று.

ஏற்றம் என்பது மேடு. நீர் இறைக்கும் கருவியும் அதுவே. ஏற்றம் இறைத்தோர் சால்களை எண்ணிப் பாடினர். பாட்டே கணக்கு, மூச்சே தாளம். வளைவுகளை எண்ணி மிதிப்போனின் மூச்சும் அத்தாளத்தில் இயங்குவதே. அதற்குப் பாட்டமைத்தல் கவிஞர் கடன்.

முக்கொம்புவரை மிதித்துச் செல்லும் கவிஞர் அங்கேயே திரும்பிவிடாது, நீர் வந்த திசையில் மனத்தாலேனும் மலையேறுதல் வேண்டும். இறங்கும் நீரை மட்டும் பாடும் கவிதை பாதி ஆற்றையே அறியும்.