முனைவருக்கும் முதல் வகுப்பு உண்டு



ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து போய் உயிரியல் பட்டம் வாங்கி வரும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் கேட்பது, "எப்போ வேலைக்குப் போகப் போறே?" என்பதுதான். "மேலே படிக்கிறேன்ப்பா" என்றால் அப்பா திகைக்கிறார். அங்கேயும் முதலாண்டு முழுக்க வகுப்பும் பரீட்சையும் என்று தெரிந்தால், "படிச்சதையே மறுபடியும் படிக்கணுமா?" என்று அம்மா கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு தமிழரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1976-இல், 24 வயதில், அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவரானார். திருமணமாகிக் குடும்பப் பொறுப்பும் வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் வேலை தேடியிருப்பார். அவரோ சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராக மறுபடியும் சேர்ந்தார். மரபியல், உயிர்வேதியியல் பாடங்களை இளங்கலை மாணவர்களோடு உட்கார்ந்து படித்தார். ஒவ்வோர் ஆய்வுக்கூடமாக மாறி மாறி வேலை பழகினார்.

ஈராண்டுகளுக்குப் பின், இரண்டாவது முனைவர் பட்டம் வாங்காமலேயே, ரைபோசோம் ஆய்வுக்காக யேல் பல்கலைக்கழகம் சென்றார். நம் உடலின் செல்களில் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலைதான் ரைபோசோம். 2000-இல் அதன் சிறு பகுதியின் அமைப்பை அவருடைய குழு அணு அணுவாக வெளியிட்டது. 2009-இல் வேதியியல் நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார். இயற்பியல் டாக்டருக்கு வேதியியல் நோபல். நடுவே இருந்தது அந்த உயிரியல் வகுப்பு!

அந்த முதலாண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? மரபணுவின் செய்தி எப்படிப் புரதமாகிறது, நொதிகள் எந்த வேகத்தில் வேலை செய்கின்றன, புரதம் எப்படி மடிகிறது என்பவை பாடங்கள். வெளிவந்த ஆய்வுக் கட்டுரையை வரிவரியாகப் படித்து, "இந்த முடிவை நம்பலாமா?" என்று வாதாடுவதும் பாடமே. பட்டப்படிப்பில் விடையைப் படிக்கிறோம். இங்கே கேள்வி கேட்கக் கற்கிறோம்.

இதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? செம்பனைப் பழத்தின் ஓடு தடிப்பாக இருந்தால் எண்ணெய் குறைவு. மெல்லியதாக இருந்தால் அதிகம். கன்று நட்டு, காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் முன்பு அதை அறிய முடிந்தது. 2013-இல், டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தனர். இன்று நாற்றாக இருக்கும்போதே சோதித்துச் சொல்லிவிடலாம். நம் பாட்டிமார் பழம் பொறுக்கிய மரத்தின் ரகசியம் அது. அதைப் படிக்கும் எழுத்துகளைத்தான் அந்த முதலாண்டு கற்றுத் தருகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலேசியாவில் அறிவியல் முனைவர் படிப்பு பெரும்பாலும் நேராக ஆய்வில் தொடங்கும். அமெரிக்காவில் பாடமும் ஆய்வுக்கூடப் பழக்கமும் முதலில் வரும். அங்கே இத்துறையில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்த மாணவருக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முதுகலைப் படிப்புக்கு அப்படியில்லை. செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். எந்தப் படிப்பு, யார் பணம் கட்டுவது என்று விசாரிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வேலைக்குப் போவதும் கௌரவமே. குடும்பச் சுமையைத் தூக்கும் பிள்ளையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், போக வழியிருந்தும், "இந்த வயசில் மறுபடியும் வகுப்பா?" என்ற கூச்சத்தால் ஒரு பிள்ளை நின்றுவிடக்கூடாது. டாக்டர் பட்டம் வாங்கியவரே மாணவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாரே, நம் பிள்ளை உட்கார்ந்தால் என்ன?