நோயாளியைத் தாங்குவோரைத் தாங்குவோம்



உள்ளங்காலில் கரும்புள்ளி தோன்றிப் பரவினால், முள் தைத்த வடு என்று விட்டுவிடுகிறோம். மெலனோமா எனும் தோல் புற்றுநோய் நம் மக்களுக்குப் பாதத்திலும் வருவதுண்டு. சிகிச்சைக்காகச் சேலம், நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு அலையும் குடும்பமும் நோயாளியோடு தளர்ந்துபோகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரமே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

நம் இரக்கமும் செயலாகட்டும். மருந்தேற்றிய இரவுகளில் கண்விழித்தவருக்கு ஒருநாள் ஓய்வு தருவோம். அவர் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம், பிள்ளைகளுக்குச் சோறிடுவோம். "கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், அருகில் அமர்ந்து செபிப்போம்.

சிலுவையடியில் தேவதாய் நின்றார்கள். அந்தத் தாயின் அருகில் யோவான் நின்றார். நாமும் அவ்விடத்தில் நிற்போமாக. ஆமென்.