கம்பியின் மேலும் கீழும்

ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தியொன்றைப் புறநானூறு பேசுகிறது. நல்வினை செய்தவர்க்கு வாய்க்கும் ஊர்தி அது. இராமாயணத்தில் புட்பக விமானம் வருகிறது. இராவணன் குபேரனிடமிருந்து கவர்ந்துகொண்டது. இவ்விரண்டையும் பல ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். சென்ற விடுமுறையில் எல்லவுக்குச் சென்று, 'பறக்கும் இராவணன்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டப்பட்ட கம்பியில் நானும் தொங்கிப் பறந்தேன். இராவணன் பெயரில் குகையும் அருவியும் உள்ள ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

மலைச்சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி உருக்குக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம். இடுப்பையும் தொடையையும் வார்ப்பட்டைகள் பிணைக்கின்றன. மேலே கப்பி உருள்கிறது. நம்மை இழுத்துச் செல்லும் இயந்திரம் எதுவுமில்லை. சரிவும் நம் உடலின் பாரமுமே இழுத்துச் செல்கின்றன. முதலில் அச்சம், பிறகு காற்று, பிறகு சிரிப்பு. அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது.

1970களில் கொஸ்தா ரிக்கா மழைக்காடுகளில், மர உச்சிகளில் வாழும் உயிர்களை ஆராய விரும்பியவர்கள் கயிறு கட்டி மேலே ஏறினார்கள். பின்னர் அதே காடுகளில் உல்லாசப் பயணிகளும் மரத்துக்கு மரம் கம்பியில் போகலானார்கள். அங்கே காலுக்குக் கீழே காடு. எல்லவில் காலுக்குக் கீழே தேயிலை. நமது மலைகளிலும் காடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக அது வெட்டப்பட்டது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. அதை நட்டும் பறித்தும் வளர்த்தவர்கள், தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்.

அவர்களுக்குக் கம்பி புதிதன்று. மேல்மலையில் நிறுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் மாட்டித் தொழிற்சாலைக்கு இறக்குகிற வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. அதே சரிவு, அதே பாரம். என் தாத்தா சாக்கு மாட்டும் வேலை செய்தவர். "கொழுந்து பறந்து போகும், நாங்க நடந்து போவோம்" என்பார். ஆள் ஏறக்கூடாத கம்பி அது.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கியதும், 'மலையிலிருந்து பார்த்தால்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' என்றே எழுதியிருந்தார்கள். எல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள்: "கம்பியில் போகிறவர்கள் கத்தும் முதல் சத்தம் கேட்டால், கூடை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அம்மா திரும்பிப் பார்ப்பார். நிறைந்திராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும் என்பார்."

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். கம்பளம் என்னும் உவமையில் மெய் இருக்கிறது, அதாவது வடிவம். உரு இருக்கிறது, அதாவது நிறம். வினை எங்கே? பயன் எங்கே? அவ்விரண்டும் அந்த மாணவியின் மூன்று வரிகளில் இருக்கின்றன. மேலே கேளிக்கையின் கூச்சல். கீழே அதுவே நேரங்காட்டும் மணி.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 'காலங்கள் சாவதில்லை' நாவலிலும், 'நாமிருக்கும் நாடே' சிறுகதைகளிலும் லயத்து வாழ்வை உள்ளிருந்து எழுதினார். 2022இல் அவர் மறைந்தார். மலையக இலக்கியம் நமக்குத் தந்தது இந்தக் கீழிருந்து பார்க்கும் பார்வையைத்தான்.

இது வெறும் அழகியல் வழக்கன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மேலிருந்து பார்ப்பவருக்கு எந்தச் சரிவும் பச்சைதான். மண் ஊறியிருக்கிறதா, சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அவர்களுடைய சொல்லைக் கேட்கப் பழகாத ஒரு சமூகம், கம்பளம் என்ற உவமையோடு நின்றுவிடும்.

ஆகவே, எல்லவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள், பறந்து பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்த மகிழ்ச்சி கிட்டவேண்டும். இறங்கிய பிறகு, கொழுந்து நிறுக்கும் இடம்வரை சற்று நடந்து செல்லுங்கள். அங்கே நிற்கும் அம்மாவிடம், "இந்த மலைக்கு என்ன பேர்?" என்று கேளுங்கள். தோட்டத்து மலைகளுக்கு நம்மவர் வைத்த பெயர்கள் உண்டு. எந்த வழிகாட்டி நூலும் அவற்றைச் சொல்லாது, அவர் சொல்வார்.